ஒரே வெள்ளம், ஒரே மாடி: எனக்கு மட்டும் ஏன் இன்னும் வடியவில்லை?

#1 மாடிவீட்டுக்காரன் (வேளச்சேரி)

தலைப்பைப் பார்த்து மழைநீர் வடிகால் பற்றிய விவாத இழை என்று வந்தவர்கள் மன்னிக்கவும். இது வேறு.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ்வீட்டுக்காரர்கள் மேலே எங்கள் வீட்டுக்கு ஏறி வந்துவிட்டார்கள். எட்டுப் பேர், ஒரே கழிப்பறை, கரண்ட் இல்லை, குடிக்க இரண்டு கேன் தண்ணீர். மூன்றாம் நாள் படகு வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த எட்டுப் பேரில் ஏழு பேருக்கு அது இப்போது கதை. பொங்கலுக்கு விருந்தாளி வந்தபோதே சிரித்துக்கொண்டு சொன்னார்கள். கீழ்வீட்டு அம்மாவுக்கு ஃபிரிட்ஜ், பீரோ, மகளின் சர்டிபிகேட் எல்லாம் போயிற்று. அவரே சிரிக்கிறார். எனக்குப் போனது ஒரு பைக் மட்டும்.

ஆனால் மழை தொடங்கினால் எனக்குத் தூக்கம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பால்கனியில் நிற்கிறேன். இந்த 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தினார்களே, அது முன்ஜாக்கிரதை. நான் செய்வது அந்த ரகம் இல்லை. ஆபீஸில் யாராவது நாற்காலியை இழுத்தால் நெஞ்சு படபடக்கிறது. வயது 43. வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நண்பன் ஒருவனிடம் சொன்னேன். அவன் எடுத்த எடுப்பில், "சின்ன வயசுல உங்க வீடு எப்படி?" என்று கேட்டான். வீடு நன்றாக இல்லைதான். ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நான் வளர்ந்தது விருதுநகர் பக்கம். வெள்ளத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

#2 பழைய வாத்தியார் (பெரம்பூர்)

தம்பி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் காலத்தில் அடி வாங்காமல் வளர்ந்தவன் யார்? அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள். 34 வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். கஷ்டப்பட்டு வளர்ந்த பையன்கள்தான் பிற்காலத்தில் எதையும் தாங்கினார்கள். பொத்திப் பொத்தி வளர்த்தவன்தான் முதல் காற்றில் விழுந்தான். இப்போது எதற்கெடுத்தாலும் ஒரு ஆங்கிலப் பெயர் வைத்துவிடுகிறார்கள். காலையில் நடங்கள், ராத்திரி சீக்கிரம் படுங்கள்.

#3 கட்டுமரம் (பட்டினப்பாக்கம்)

வாத்தியார் ஐயா, ராத்திரி இரண்டு மணிக்குப் பால்கனியில் நிற்கிறவரிடம் சீக்கிரம் படு என்றால் எப்படி?

#4 ஜன்னலோரம் (அண்ணா நகர்)

உளவியல் சிகிச்சை என் தொழில். இங்கே வைத்து யாருக்கும் நோய்ப் பெயர் சொல்ல மாட்டேன், அதை நேரில் பார்ப்பவர் சொல்லட்டும். ஆனால் "என்ன சம்பந்தம்" என்ற கேள்விக்குப் பதில் உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மக்களில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனதை உலுக்கும் நிகழ்வைச் சந்திக்கிறார்கள். பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சி முடிந்த பிறகும் அதன் பாதிப்பு மனதை விடாமல் தொடரும் நிலை வரை போனவர்கள் 3.9 சதவீதம்தான். ஆகவே உங்கள் மாடியில் ஏழு பேர் தேறியதில் அதிசயம் இல்லை. தேறாமல் போகிறவர் ஏன் அவராக இருக்கிறார் என்பதுதான் கேள்வி.

1993-இல் அமெரிக்காவில் வியட்நாம் போருக்குப் போய்வந்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிடிஎஸ்டி வந்தவர்களில் 26 சதவீதம் பேர் சிறுவயதில் வீட்டில் அடி உதைக்கு ஆளானவர்கள். வராதவர்களில் 7 சதவீதம். போர்முனையில் யார் எவ்வளவு மாட்டினார்கள் என்பதைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. அந்தப் பையன்கள் சிறுவயதில் போரைப் பார்த்தவர்கள் இல்லை. நீங்களும் வெள்ளத்தைப் பார்த்தவர் இல்லை. பழைய ஆபத்தும் புதிய ஆபத்தும் ஒரே ஜாதியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

தீபாவளி வருகிறது. வெடிச்சத்தத்தில் தெருவில் சில கார்கள் மட்டும் அலறும், கவனித்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்கும் கார் சும்மா இருக்கும். அலறும் கார் பழுதான கார் இல்லை. அதன் அலாரத்தை யாரோ கூர்மையாக வைத்துவிட்டார்கள். திருட்டுப் பயம் உள்ள தெருவில் நின்ற காராக இருந்தால் அப்படி வைத்தது நியாயம்கூட. தெரு மாறிவிட்டது, அலாரம் மாறவில்லை.

உடம்புக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆபத்து என்றதும் மூளையில் அமிக்டலா என்ற பகுதி மணி அடிக்கும், அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனை விடும். உடம்பு ஓடவோ மோதவோ தயாராகும். ஆபத்து நீங்கியதும் அதே கார்டிசால் மூளைக்குத் திரும்பிப் போய் "போதும், நிறுத்து" என்று சொல்லும். அதைக் கேட்டுக்கொள்ள ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் ஏற்பிகள், அதாவது கார்டிசாலைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் வேண்டும். மணி எல்லோருக்கும்தான் அடிக்கிறது. நிற்கும் இடத்தில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். எப்போது என்ன நடக்கும் என்று தெரியாத வீட்டில் வளரும் குழந்தைக்கு இந்த நிறுத்தும் வேலை சரியாகப் பழகாமல் போகலாம். அப்புறம் முப்பது வருடம் கழித்து, மற்றவர்களுக்கு மூன்று நாளில் நின்றுவிடும் மணி இவருக்கு நிற்காமல் அடிக்கும்.

#5 எண்ணும் எழுத்தும் (தரமணி)

ஜன்னலோரம் மேடம், நீங்கள் சொன்னதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். புள்ளிவிவரம் என் பிழைப்பு, அதனால் மீதிப் பாதியில் வம்பு செய்யாமல் இருக்க முடியாது.

முதலாவது, இந்த ஆய்வுகளில் பல, வளர்ந்தவர்களிடம் "சின்ன வயதில் என்ன நடந்தது" என்று கேட்டு எழுதியவை. இன்று மனம் சரியில்லாதவர் நேற்றையும் இருட்டாகத்தான் நினைவுகூர்வார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சிறுவயதிலேயே பதிவு செய்து பின்தொடர்ந்த ஆய்வுகளையும் பிற்பாடு நினைவிலிருந்து கேட்ட ஆய்வுகளையும் 2019-இல் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் காட்டிய ஆட்கள் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள்.

இரண்டாவது, ஹிப்போகேம்பஸ். பிடிஎஸ்டி உள்ளவர்களுக்கு அது சிறியது என்றார்கள். மன அழுத்தம் சுருக்கிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். 2002-இல் ஒரு குழு புத்திசாலித்தனமாக ஒன்று செய்தது. ஒரே கருவில் பிறந்த இரட்டையர்கள், அண்ணன் வியட்நாம் போனவன், தம்பி வீட்டிலேயே இருந்தவன். போருக்குப் போய்க் கடும் பிடிஎஸ்டி வந்தவனுக்கு ஹிப்போகேம்பஸ் சிறியது. சரி. போகாத தம்பிக்கும் அதே அளவு சிறியது! அப்படியானால் போர் சுருக்கவில்லை, முன்பே அப்படித்தான் இருந்தது. பிறப்பிலேயே வந்ததைச் சிறுவயது அடிமேல் போட்டுவிடுகிறோமோ?

#6 ஜன்னலோரம்

நல்ல அடி. ஆனால் அந்த இரட்டையர்கள் கருவை மட்டுமா பகிர்ந்தார்கள்? வளர்ந்த வீடும் ஒன்றுதான். போருக்கு முன்பே சிறியது என்பதை அந்த ஆய்வு காட்டுகிறது. மரபணுவா, ஒரே கூரையின் கீழ் வளர்ந்த விதமா என்று அது பிரித்துச் சொல்லாது. மரபணுவும் வீடும் கூட்டாக வேலை செய்வதற்கும் சான்று இருக்கிறது. எஃப்கேபிபி5 என்ற மரபணுவின் சில வடிவங்கள் உள்ளவர்களுக்கு, சிறுவயதில் கொடுமை நடந்திருந்தால் பிடிஎஸ்டி அறிகுறிகள் கூடுகின்றன. 2008-இல் அட்லாண்டாவில் கண்டது. மரபணு தனியாக அதைச் செய்யவில்லை.

நினைவு பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன்.

#7 எண்ணும் எழுத்தும்

வீடும் ஒன்று என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரு புள்ளி உங்களுக்கு.

#8 கட்டுமரம்

மேலே உள்ள எண்கள் எல்லாம் எனக்கு ஓரளவுதான் ஏறியது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று எனக்கு 9 வயது. எங்கள் குப்பத்தில் என்னோடு கோலி விளையாடிய இரண்டு பேருக்கு அன்றைக்கு அப்பா இல்லாமல் போனது. ஒருவனை ஆயா வளர்த்தார். அந்த ஆயா தினமும் சாயங்காலம் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு கடலோரம் போய் நிற்பார். அலை காலைத் தொட்டால் கெட்ட கெட்ட வார்த்தையில் திட்டுவார். பையன் சிரிப்பான். சில மாதத்தில் அவனும் சேர்ந்து திட்ட ஆரம்பித்தான். இன்னொருவனை மாமா வீடு, சித்தி வீடு, விடுதி என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். சோற்றுக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் அந்தக் காலையைப் பற்றி அவனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தைக்கு எதற்கு ஞாபகப்படுத்த வேண்டும் என்ற நல்லெண்ணம்தான்.

2015 வெள்ளத்தில் மீனவர்கள் படகோடு ஊருக்குள் போனார்கள் இல்லையா. முதலாமவன் அதில் ஒரு படகில் போனான். இரண்டாமவன் நான்கு நாள் கதவைத் திறக்கவில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே அலை.

#9 ஜன்னலோரம்

கட்டுமரம் தம்பி, நீங்கள் சொன்னதை ஆய்வாளர்கள் பல வருடம் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள். ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒன்று. 1955-இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்பவரும் அவர் குழுவும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடி, சண்டை எல்லாம் சேர்ந்த வீடுகளில் பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் தெம்பான, அன்பான ஆட்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பக் கண்டது, நிலையாக ஒட்டிக்கொள்ள ஒரு ஆள். அம்மா அப்பாவாக இருக்க வேண்டியதில்லை. பாட்டி, அக்கா, ஒரு டீச்சர், யாராவது.

எண்ணும் எழுத்தும் சாருக்கும் ஒன்று. மிச்சிகனில் பத்து வருட இடைவெளியில் ஒரே ஆட்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு, 2008-இல் வந்தது. முன்னால் அதிர்ச்சி பட்டவர்கள் எல்லோருக்கும் அடுத்த அதிர்ச்சியில் ஆபத்து கூடவில்லை. முந்தைய அதிர்ச்சி பிடிஎஸ்டியாக மாறியவர்களுக்குத்தான் கூடியது. பட்ட காயம் எல்லாம் சேர்ந்துகொண்டே போகும் என்று நாம் நினைக்கிறோம். ஆறாமல் போனதுதான் சேர்கிறது போலிருக்கிறது. ஆயா திட்டித் திட்டி ஆற்றியிருக்கிறார்.

#10 மின்சார_ரயில் (குரோம்பேட்டை)

ப்ரோ, நெட்டில் ஏஸ் டெஸ்ட் என்று ஒன்று, சின்ன வயசுக் கஷ்டங்களைப் பற்றிப் பத்து கேள்வி, போட்டுப் பார்த்தேன். பத்துக்கு ஆறு. நாலுக்கு மேல் போனால் டிப்ரஷன், குடி, தற்கொலை எல்லாம் பல மடங்கு என்று போட்டிருக்கிறது. எனக்கு 22 வயது. அப்போ நான் முடிஞ்சேனா?

#11 எண்ணும் எழுத்தும்

இல்லை தம்பி. இதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், மேடம் அனுமதிக்க வேண்டும்.

அது சான் டியாகோவில் கைசர் பெர்மனென்ட்டி மருத்துவக் குழுமமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து நடத்திய ஆய்வு. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்கள். முதல் கட்டுரை 1998-இல். தொடங்கிய கதையே வேடிக்கை. ஃபெலிட்டி உடல் பருமன் குறைக்கும் கிளினிக் நடத்தினார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் ஓடிப்போனார்கள். ஏன் என்று தேடிப்போனால் பலருக்குச் சிறுவயதில் பாலியல் கொடுமை. அங்கிருந்து கிளம்பி மொத்தம் 17,000 பேருக்கு மேல் கேட்டார்கள். நான்கும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, ஒன்றுமே இல்லாதவர்களைவிட, நீ சொன்னவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு. எண் சரிதான்.

ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய எண். அந்த ஆண்டாவே 2020-இல் எழுதினார், இந்த மதிப்பெண்ணைத் தனி ஆளின் தலையெழுத்தைச் சொல்லப் பயன்படுத்தாதீர்கள் என்று. ஒரு முறை நடந்ததும் தினமும் நடந்ததும் அதில் ஒரே ஒரு மதிப்பெண். எந்த வயதில் நடந்தது என்ற கேள்வி இல்லை. பக்கத்தில் ஆயா இருந்தாரா என்ற கேள்வி இல்லவே இல்லை. சென்னையில் சராசரியாக இத்தனை மில்லிமீட்டர் மழை என்பதை வைத்து நாளை மாலை நீ குடை எடுக்க வேண்டுமா என்று சொல்ல முடியாது.

#12 நெறியாளர்

மதிப்பெண்களை இங்கே பதிவிட வேண்டாம். மின்சார_ரயில், தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். யாருக்காவது இந்த நிமிடமே பேச வேண்டும் போலிருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

#13 மின்சார_ரயில்

பார்த்தேன். நன்றி. நல்லாத்தான் இருக்கேன், சும்மா பயந்துட்டேன்.

#14 இட்லிப்பானை (அம்பத்தூர்)

மூன்று நாளாகப் படித்துவிட்டுச் சும்மா போய்க்கொண்டிருந்தேன். இன்று கேட்டுவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் 2019 வரை குடித்தார். இப்போது ஒரு சொட்டு கிடையாது, முருகன் புண்ணியம். அந்த நாட்களில் சத்தம், பாத்திரம் பறப்பது எல்லாம் உண்டு. பையனுக்கு இப்போது 14. அப்பா ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் இன்றைக்கும் டிவியை அணைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறான். அவர் மாறி ஐந்து வருடம் ஆகிவிட்டது. அப்போதே நான் கிளம்பிப் போயிருக்க வேண்டுமா? பையனை நானே கெடுத்துவிட்டேனா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே.

#15 ஜன்னலோரம்

அக்கா, உங்களுக்கு எலிக் கதை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மான்ட்ரியலில் மைக்கேல் மீனி என்ற விஞ்ஞானியின் ஆய்வகம். தாய் எலிகளில் சில குட்டியை நக்கி நக்கிக் கொஞ்சும், சில அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. கொஞ்சாத தாயிடம் வளர்ந்த குட்டிகள் பெரியதானதும் சிறு தொந்தரவுக்கே மிரண்டன. நான் முன்பு சொன்ன "நிறுத்து" என்பதைக் கேட்கும் ஏற்பிகள் அவற்றுக்குக் குறைவு. அந்த ஏற்பிக்கான மரபணுவின் மேல் மெத்தில் என்ற ரசாயனப் பூட்டு கூடுதலாக ஏறியிருந்ததை 2004-இல் காட்டினார்கள். சரி, இது பிறவிக் குணமா என்று பார்க்கக் குட்டிகளை மாற்றி வைத்தார்கள். கொஞ்சாத தாய்க்குப் பிறந்த குட்டி, கொஞ்சும் தாயிடம் வளர்ந்தால் தைரியமான எலியாயிற்று.

மனிதர் எலி இல்லை, 14 வயது பையன் பிறந்த வாரத்துக் குட்டியும் இல்லை. அதனால் இதை அப்படியே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் அவன் ஐந்து வருடமாக வேறு ஒரு வீட்டில் வாழ்கிறான், அதே கதவு எண்ணில். அவன் உள்ளே போவதைத் திட்டாதீர்கள். "அந்த நாள் எல்லாம் ஞாபகம் வருதா?" என்று ஒரு நாள் நீங்களே கேளுங்கள். முடிந்தால் அவன் அப்பாவும் கேட்கட்டும். அது பத்து மடங்கு மதிப்பு. ஸ்கூட்டர் சத்தம் தவிர தூக்கம், படிப்பு, சாப்பாடு எதிலாவது மாற்றம் தெரிந்தால் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

போகாமல் இருந்ததற்குக் காரணம் உங்களுக்கு இருந்திருக்கும். அதை இங்கே யாரும் தராசில் வைக்க மாட்டோம்.

#16 மாடிவீட்டுக்காரன்

அம்பத்தூர் அக்கா எழுதிய ஸ்கூட்டரைப் படித்துவிட்டு நேற்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

எங்கள் அப்பாவும் குடிப்பார். ராத்திரி வருவது முதலில் கேட்டில்தான் தெரியும். இரும்புக் கேட், கொண்டி சரியாக விழாது, தள்ளினால் சுவரில் டங் என்று மோதும். அந்தச் சத்தத்திலிருந்து வாசற்படி வரை பதினோரு காலடி. போர்வைக்குள் எண்ணுவேன். நடை நேராக இருந்தால் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார். இழுத்து இழுத்து வந்தால் அம்மா எழுந்து எங்களைப் பின்கட்டுக்கு அனுப்புவார். பதினோரு எண்ணுக்குள் தெரிந்துவிடும்.

வேளச்சேரியில் அந்த மூன்று ராத்திரியும் தண்ணீர் எங்கள் கீழ்க் கேட்டை ஆட்டிக்கொண்டே இருந்தது. டங். டங். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே நேற்றுதான் தோன்றியது. இருட்டில் படுத்துக்கொண்டு எண்ணியிருக்கிறேன். பதினோரு எண்ணியும் காலடி வராது. மறுபடி டங். மறுபடி ஒன்றிலிருந்து.

ஆக, நான் வெள்ளத்துக்குப் பயந்தேனா என்றே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

#17 கட்டுமரம்

அண்ணா. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. படித்தேன் என்று மட்டும் தெரியட்டும்.

#18 பழைய வாத்தியார்

இந்த இழையை விட்டுப் போய்விடலாம் என்றிருந்தேன். மருமகள்தான் மீதியைப் படித்துக்காட்டினாள்.

நான் பிரம்பு வைத்திருந்தவன், மறைப்பதற்கில்லை. 2009-இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்து அடிக்கக் கூடாது என்றபோது ஆசிரியர் அறையில் எதிர்த்துப் பேசியவர்களில் நானும் ஒருவன். கஷ்டப்பட்டவன் தாங்குவான் என்று முதலில் எழுதினேன். அதில் பொய் இல்லை, தாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். தாங்காதவர்கள் பத்தாவதைத் தாண்டவில்லை, அதனால் அவர்களை நான் பார்க்கவில்லை. இது இப்போதுதான் உறைக்கிறது.

ஒன்று ஞாபகம் வருகிறது. வகுப்பில் பிரம்பை எடுத்தால் பையன்கள் கையைப் பின்னால் மறைப்பார்கள், கெஞ்சுவார்கள், சிரிப்பார்கள்கூட. ஒவ்வொரு வருடமும் ஒருவனோ இரண்டு பேரோ, பெயர் சொல்லும் முன்பே எழுந்து கையை நீட்டிவிடுவார்கள். முகத்தில் ஒன்றும் இருக்காது. நல்ல ஒழுங்கு என்று நினைத்தேன்.

#19 எண்ணும் எழுத்தும்

ஐயா, "தாங்காதவர்களை நான் பார்க்கவில்லை" என்று எழுதினீர்களே, எங்கள் துறையில் அதற்கு ஒரு முழுப் பாடமே இருக்கிறது. நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள்.

#20 இட்லிப்பானை

மாடிவீட்டுத் தம்பி, டாக்டரிடம் போனீர்களா? எங்கே போக வேண்டும், எவ்வளவு ஆகும் என்று யாராவது சொன்னால் எனக்கும் உதவும். கீழ்ப்பாக்கம் என்றாலே எங்கள் வீட்டில் முகம் மாறுகிறது.

#21 ஜன்னலோரம்

கீழ்ப்பாக்கம் என்ற சொல்லை நாம்தான் வசவாக்கி வைத்திருக்கிறோம். 1794 முதல் இருக்கும் மனநல மருத்துவமனை அது. புறநோயாளிப் பிரிவில் சாதாரணமாக வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அங்கே வேண்டாம் என்றால் நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு, ஓபி சீட்டு போட்டால் போதும். காலையிலேயே போங்கள், கூட்டம் இருக்கும். தனியாரில் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: ட்ராமாவுக்கான சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசிப் பேசி மாற்றும் சிகிச்சை) அல்லது இஎம்டிஆர் (கண்ணை அசைத்தபடி பழைய நினைவைக் கையாளும் சிகிச்சை) செய்வீர்களா என்று. இரண்டுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. "எல்லாவற்றையும் மறந்துடுங்க" என்று சொல்லிப் பணம் வாங்குகிறவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள்.

#22 மாடிவீட்டுக்காரன்

போனேன். அரசு மருத்துவமனைதான். மூன்று மணி நேரம் வரிசை, இருபது நிமிடம் பேச்சு. டாக்டர் சின்னப் பெண், என் கதையில் வெள்ளம் முடிந்து இரும்புக் கேட் சத்தத்துக்கு வந்தபோது எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வாரம் ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார். தூங்க ஒரு மாத்திரை, கொஞ்ச நாளைக்கு மட்டும்.

வீட்டில் மனைவியிடமும் சொன்னேன். பதினாறு வருடக் கல்யாணத்தில் முதல் முறை. அவள் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் கீழே போய்க் கேட் கொண்டியில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றிவிட்டு வந்தாள். இப்போது சத்தமே இல்லை.

#23 ஜன்னலோரம்

அவர் செய்தது அழகு. ஆனால் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை, சொல்லிவிடுகிறேன்: சிகிச்சை போகிற போக்கில் ஒருநாள் அந்த ட்யூபைக் கழற்றச் சொல்வார்கள். டங் சத்தம் வெறும் டங் சத்தமாகும் வரை கேட்க வேண்டியிருக்கும். இன்றைக்கே இல்லை.

#24 மாடிவீட்டுக்காரன்

மனைவியிடம் படித்துக்காட்டினேன். கழற்றும் அன்றைக்கு அவளும் கூட நிற்பாளாம். இங்கே தூறல் ஆரம்பித்துவிட்டது. மணி 11:20. படுக்கப் போகிறேன், பார்ப்போம்.